பெண் பாத்திரம் மாறும்போது பக்கத்தில் இருந்தது யார்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். எக்ஸ்-ஃபைல்ஸ், ஜீனா, ஸ்டார் ட்ரெக் வாயேஜர் மூன்றையும் பார்த்து முடித்துவிட்டீர்கள். 'பெண் பாத்திரம் வலுவாக இருந்தால் தொடர் காட்டும் ஆணோடு சேர்த்து எழுதுவார்கள், சோப்ளாங்கியாக இருந்தால் இரண்டு ஆண்களைச் சேர்த்து எழுதுவார்கள்' என்று யாரோ சொன்னது சரியா என்கிறீர்கள். வாயேஜரின் கேப்டன் ஜேன்வேயை வைத்தோ எக்ஸ்-ஃபைல்ஸின் ஸ்கல்லியை வைத்தோ ஒரு ஃபேன்ஃபிக் (தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர் எழுதும் கதை) எழுதவும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேள்வி வலுவைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் ஜேன்வேயைவிட வலுவான கேப்டன் கிடையாது. அவளை அவளுடைய துணை அதிகாரி சகோட்டேயோடு ஒரு கூட்டமும், கப்பலுக்குப் பிறகு வந்த செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணோடு இன்னொரு கூட்டமும் எழுதித் தள்ளின. வலுவை வைத்து இதை விளக்க முடியாது. ஒரு பெண் பாத்திரம் சீசனுக்குச் சீசன் வளரும்போது அந்த வளர்ச்சியின் எந்தப் பகுதி ரசிகரின் கையில் ஜோடியாகத் திரள்கிறது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் பதில் இது. அவள் மாறிய நேரத்தில் கூட இருந்து பார்த்தவர் யார், பார்த்ததால் தானும் கொஞ்சம் மாறியவர் யார் என்று ரசிகர்கள் தேடுகிறார்கள். அந்த ஆளோடுதான் அவளைச் சேர்க்கிறார்கள். தொடர் யாரைக் காதலன் என்று அறிமுகப்படுத்தியது என்பதெல்லாம் அப்புறம். வசதிக்காக அந்த ஆளைச் சாட்சி என்று வைத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

மிகத் துலக்கமான உதாரணம் நீங்கள் சொன்ன மூன்றிலும் இல்லை. 2012 அக்டோபரில் தொடங்கிய ஆரோவில் இருக்கிறது. நாயகன் ஆலிவருக்கு இவள்தான் என்று முதல் எபிசோடிலேயே தொடர் காட்டிவிட்ட பெண் லாரல். வழக்கறிஞர், துணிச்சல்காரி, காமிக்ஸில் நீண்ட வரலாறு உள்ளவள். ஆனால் இரவில் வில்லோடு திரிகிறவன் ஆலிவர்தான் என்பது இரண்டாம் சீசனின் பிற்பாதி வரை அவளுக்குத் தெரியாது. அதனால் இருவரும் பேசும் எந்தக் காட்சியிலும் ஒருவர் மறைத்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் ஏமாந்துகொண்டிருக்கிறார். மூன்றாம் எபிசோடில் கம்பெனி ஐடி பிரிவில் ஃபெலிசிட்டி என்றொரு பெண் வருகிறாள். குண்டு துளைத்த லேப்டாப்பை அவள் மேசையில் வைத்து, காபி கொட்டிவிட்டது என்கிறான் ஆலிவர். அவள் துளைகளைப் பார்க்கிறாள், அவன் முகத்தைப் பார்க்கிறாள், நம்பவில்லை என்பது தெரியும்படியே வேலையை வாங்கிக்கொள்கிறாள். ஒரு எபிசோடோடு போயிருக்க வேண்டிய பாத்திரம். பதினான்காம் எபிசோடில் அவள் காரின் பின்சீட்டில் அவன் ரத்தம் வழியக் கிடக்கிறான். அதன்பிறகு அவளுக்கு எல்லாம் தெரியும்; அவன் செய்வது தப்பு என்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ரசிகர்கள் இரண்டு பெயரையும் ஒட்டி 'ஒலிசிட்டி' ஆக்கினார்கள். தொடரும் பின்னாலேயே வந்து கடைசியில் கல்யாணமே செய்துவைத்தது. லாரலை மோசமாக எழுதிவிட்டார்கள் என்று இன்றும் புலம்புவார்கள். அவளுடைய குணத்தில் குறையில்லை. அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கதையை நடத்தினார்கள், அவ்வளவுதான்.

இனி ஸ்கல்லி. 1993 செப்டம்பரில் தொடர் தொடங்கும்போதே அவள் உத்தியோகம் சாட்சி உத்தியோகம். மருத்துவர், பிரேதப் பரிசோதனை செய்கிறவள். கூட வேலை செய்யும் புலனாய்வாளன் மல்டர் என்ன செய்கிறான் என்று கவனித்து மேலிடத்துக்கு அறிக்கை எழுத அனுப்பப்பட்டவள். அப்போதைக்குப் பார்க்கப்படுகிறவன் அவன், பார்க்கிறவள் இவள். 1994-இல் இது புரண்டது. கில்லியன் ஆண்டர்சன் கர்ப்பமாக இருந்தார், கொஞ்ச நாள் படப்பிடிப்பிலிருந்து விலக வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை மறைக்க ஸ்கல்லியைக் கடத்தவைத்தார்கள். கால்ஷீட் சிக்கலுக்குக் கண்டுபிடித்த ஒட்டுவேலை, அடுத்த பல வருடங்களுக்கு அவள் கதையின் முதுகெலும்பாகிவிட்டது. கழுத்தில் ஒரு சில்லு, அதை எடுத்ததன் பின்விளைவாகப் புற்றுநோய், குழந்தை பெற முடியாத நிலை, 1997 டிசம்பரில் எமிலி என்ற சிறுமி, அந்தச் சிறுமியின் சாவு. இவை நடக்கும்போது சுற்றி வேறு யாரும் இல்லாதபடி எழுதியிருந்தார்கள். அக்கா மெலிசாவைக் கொன்றுவிட்டார்கள், தோழி என்று ஒருத்தி கிடையாது, அம்மா எப்போதாவது வருவார். மிஞ்சியவன் மல்டர். இரு பாத்திரங்கள் காதலிக்க வேண்டும் என்று விரும்பும் ரசிகரைக் குறிக்கும் 'ஷிப்பர்' என்ற சொல்லே இந்த ரசிகர் கூட்டத்தில்தான் பிறந்தது. காதல் வேண்டாம் என்றவர்கள் தங்களை 'நோரோமோ' என்று அழைத்துக்கொண்டார்கள். காஸமர் என்ற இவர்களின் கதைக் கிடங்கில் ஒவ்வொரு கதைக்கும் எழுத்துக் குறிகள் இருக்கும்: எஸ் என்றால் கதை, வி என்றால் சிறு காட்சி, ஆர் காதல், ஏ துயரம், ஹெச் நகைச்சுவை. காதலும் துயரமும் ஒரே கதையின் தலையில் சேர்ந்து நிற்பது அங்கே சர்வசாதாரணம்.

இதில் ஒரு பள்ளம் இருந்தது, கூர்மையான ரசிகர்கள் அதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். ஸ்கல்லியின் மாற்றங்களில் பெரும்பாலானவை அவளுக்கு நடந்தவை. அவளாக முடிவெடுத்தவை கொஞ்சம்தான். அதனால்தான் 1997 பிப்ரவரி 2 அன்று வந்த 'நெவர் அகெய்ன்' எபிசோடை வைத்து இத்தனை கதைகள். மல்டர் கட்டாய விடுப்பில் போயிருக்கிறான். அவள் தனியாக ஃபிலடெல்ஃபியா போகிறாள், முன்பின் தெரியாத ஓர் ஆணோடு பழகுகிறாள், தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பை முதுகில் பச்சை குத்திக்கொள்கிறாள். தொடக்கத்தில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த அறையில் எனக்கு ஏன் மேசை இல்லை? நான்காம் சீசன் நடக்கிறது, கதவில் இன்னமும் அவன் பெயர்தான். கடைசிக் காட்சியில், மேசை வாங்கித் தராததற்காகவா இவ்வளவும் என்று மல்டர் கேட்க, எல்லாம் உன்னைப் பற்றியது கிடையாது, இது என் வாழ்க்கை என்கிறாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறான். எபிசோட் அந்த மௌனத்தோடு முடிகிறது.

இந்த எபிசோடுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. படமாக்கிய வரிசையில் இது முந்தியது. அவள் புற்றுநோய்க்கு முதல் அறிகுறி காட்டும் 'லியனார்ட் பெட்ஸ்' பிந்தியது. ஒளிபரப்பில் வரிசை மாறி, லியனார்ட் பெட்ஸ் ஜனவரி 26 அன்றே வந்துவிட்டது. ஒளிபரப்பு வரிசையில் பார்த்தவருக்கு, பச்சை குத்திக்கொண்டது சாவு பயத்தில் செய்த காரியம். தயாரிப்பு வரிசையை வைத்துப் படிப்பவருக்கு, வேலையும் வாழ்க்கையும் ஒரே ஆளைச் சுற்றிச் சுருங்கிப்போன ஒருத்தி கொஞ்சம் மூச்சு விட்ட நாள். முதல் வாசிப்பிலிருந்து வரும் கதையில் மல்டர் தேற்றுகிறவன். இரண்டாவதில் அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். ஜோடி ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் உறவு வேறு. என் கணக்கில் இரண்டாவது வகைதான் நின்று பேசுகிறது. 2000 ஏப்ரலில் கில்லியன் ஆண்டர்சனே எழுதி இயக்கிய 'ஆல் திங்ஸ்' எபிசோட், ஸ்கல்லி கண்ணாடி முன் உடுத்திக்கொள்வதிலும் பின்னால் கட்டிலில் மல்டர் தூங்குவதிலும் தொடங்குகிறது. ஏழு வருடம் கழித்து வந்த அந்தக் காட்சியை அவள் பக்கத்திலிருந்து காட்டினார்கள் என்பது தற்செயலாக எனக்குப் படவில்லை.

வாயேஜருக்கு வருவோம். 1996 மே மாதம் வந்த 'ரெசல்யூஷன்ஸ்' எபிசோடில் ஜேன்வேயும் சகோட்டேயும் நோய் தொற்றி ஒரு கிரகத்தில் விடப்படுகிறார்கள். கப்பல் போய்விடுகிறது. அவள் ஆராய்ச்சியை விட மறுக்கிறாள். அவன் அவளுக்காக ஒரு குளியல் தொட்டி செய்கிறான். தன் இனத்துப் பழங்கதை என்று சொல்லி, கோபக்கார வீரன் ஒருவன் ஒரு பெண் தலைவியின் பக்கத்தில் அமைதி கண்ட கதையைச் சொல்கிறான். அவள் கண் கலங்குகிறாள், கைகள் கோத்துக்கொள்கின்றன. அப்புறம் மருந்து கிடைத்துக் கப்பல் திரும்பி வருகிறது, மறு நிமிடமே 'கேப்டன்', 'கமாண்டர்'. இவ்வளவு பெரிய ஓட்டையைத் தொடர் திறந்து போட்டுவிட்டுப் போனால் ரசிகர் கை சும்மா இருக்குமா? ஜேன்வே–சகோட்டே கதைகளில் கணிசமானவை அந்தக் கிரகத்தில் தொடங்குகின்றன, அல்லது அதை ஞாபகப்படுத்துகின்றன. கேப்டன் பட்டம் கழன்ற ஜேன்வேயை நேரில் பார்த்தவன் அவன் ஒருவன்தானே.

1997 செப்டம்பரில் செவன் வருகிறாள். பிடித்தவர்களை எல்லாம் இயந்திரம் கலந்த ஒரே மனமாக்கிவிடும் 'போர்க்' என்ற கூட்டத்தால் ஆறு வயதில் பிடிக்கப்பட்டவள். அந்தக் கூட்டத்திலிருந்து அவளை வெட்டி எடுத்தவள் ஜேன்வே, அதுவும் அவள் சம்மதம் இல்லாமல். திருப்பி அனுப்பு என்று செவன் கத்துகிறாள், ஜேன்வே மறுக்கிறாள். அன்று தொடங்கிய தர்க்கம் நான்கு சீசன் ஓடியது. செவன் மனுஷியாவதற்குச் சாட்சி ஜேன்வே. தன் முடிவுகளை ஒருத்தி நேருக்கு நேர் கேள்வி கேட்பதால் ஜேன்வேயும் மாறுகிறாள். இரண்டு பக்கமும் நடக்கும் இந்த மாற்றம்தான் ஜோடிக்கு எரிபொருள். ஆனால் 2001 மே இறுதி எபிசோடில் தொடர் செவனைச் சகோட்டேயோடு சேர்த்தது. அதற்கு முன்னேற்பாடு என்று சொல்லக்கூடியது கடைசி சில வாரங்களில் வந்த ஒன்றிரண்டு எபிசோட்கள். அதில் ஒன்றில் அவள் பழகுவது சகோட்டேயோடுகூட இல்லை, அவனைப் போல உருவாக்கிய ஹோலோகிராமோடு. ரசிகர்கள் இதைச் செரிக்கவே இல்லை. பெண்–பெண் ஜோடியாக இருந்தால் ரசிகர்கள் தானாக ஏற்றுக்கொள்வார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2020-இல் இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான பிக்கார்டின் முதல் சீசன் முடிவில் செவனும் ராஃபியும் திடீரென்று கைகோத்தபோதும், இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்தது. பின்னால் வந்த எபிசோட்கள்தான் அந்த உறவுக்குத் தரை போட்டன.

சாட்சி என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கடிதம் போதும். தி லெஜண்ட் ஆஃப் கோராவில் 2012-இல் ஆசாமி அறிமுகமானபோது அவள் கோராவுக்குப் போட்டி, இருவருக்கும் நடுவில் மாக்கோ என்ற ஆண். மூன்றாம் பாகத்தின் முடிவில் கோரா விஷத்தால் உடைந்து சக்கர நாற்காலிக்கு வருகிறாள். நான்காம் பாகத்தில் குணமாக ஊரைவிட்டுப் போனவளுக்கு நண்பர்கள் எல்லோரும் கடிதம் எழுதுகிறார்கள். அவள் பதில் போடுவது ஆசாமிக்கு மட்டும். மற்றவர்களிடம் சொல்லாதே என்றும் எழுதுகிறாள். 2014 டிசம்பர் 19 அன்று கடைசிக் காட்சியில் இருவரும் கைகோத்து நடந்தபோது, அந்தக் கடிதத்தைக் கவனித்தவர்கள் யாரும் அதிரவில்லை.

ஜீனாவில்தான் இந்த விஷயம் முழு விளைச்சல் காண்கிறது. 1995-இல் தொடங்கும்போது பெயர் ஜீனாவுடையது. ஆனால் ஆறு சீசன் முழுக்க அதிகம் மாறுகிறவள் அவள் தோழி கேப்ரியல். கிராமத்துப் பெண், கதை சொல்லி, கையில் தடி. இரண்டாம் சீசனில் ஊர்க்காரன் பெர்டிகஸைக் கட்டிக்கொள்கிறாள், அதே எபிசோடில் அவன் கொல்லப்படுகிறான். மூன்றாம் சீசனில் ஏமாற்றப்பட்டு முதல் கொலை செய்கிறாள், அதிலிருந்து ஜீனாவோடு பெரிய முறிவு. நான்காம் சீசனில் இந்தியாவுக்கு வருகிறார்கள். 'தி வே' எபிசோடில் வன்முறையை விட்டுத் தடியை ஆற்றில் எறிகிறாள். (கிருஷ்ணனும் அனுமனும் பாத்திரங்களாக வந்த எபிசோட் அது. அமெரிக்க இந்துக்கள் சிலர் எதிர்த்ததால் 1999-இல் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, திருத்தி மறுபடி ஓட்டினார்கள்.) அந்தச் சீசன் முடிவிலேயே, அடிபட்டு விழுந்த ஜீனாவைக் காப்பாற்ற வாளை எடுத்துவிடுகிறாள். விரதம் முறிந்தது ஒருத்திக்காக, பார்த்தவளும் அவளே. கணவன் என்று வந்தவன் ஒரு எபிசோட் தங்கினான். கொலையையும் விரதத்தையும் விரத முறிவையும் பார்த்தது ஜீனா. இதற்கு மேல் ரசிகர்களுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? தொடரின் தயாரிப்பாளர்கள் ஜாடையிலேயே நிறுத்தினாலும் வெளியே எழுதுகிறவர்களை விரோதியாகப் பார்க்கவில்லை. மெலிசா குட் என்ற ஃபேன்ஃபிக் எழுத்தாளர் ஆறாம் சீசனுக்கு எபிசோட் எழுதவே அழைக்கப்பட்டார்.

இங்கிருந்து ஒரு வகையே பிறந்தது, 'ஊபர்' என்று. வாடகைக் கார் இல்லை, அதற்கு வெகுகாலம் முந்தியது. 1997 ஜனவரியில் வந்த 'தி ஜீனா ஸ்க்ரோல்ஸ்' 1940-களில் நடக்கிறது. தொப்பியும் சாட்டையுமாக முரட்டுத் தொல்லியலாளர் ஜானிஸ்; கண்ணாடி போட்ட, பயந்த சுபாவமுள்ள மெல். ஜானிஸ்தான் ஜீனா வம்சம் என்று எல்லோரும் நினைக்க, அவள் கேப்ரியலின் வழி வந்தவள் என்றும், மெல்தான் ஜீனா வழி என்றும் தெரியவருகிறது. அதே இரண்டு நடிகைகள், வேடம் மட்டும் தலைகீழ். இது ஏன் நம்பும்படி இருந்தது என்றால், இரண்டாம் சீசனுக்குள்ளேயே கேப்ரியல் அந்த அளவுக்கு நிமிர்ந்துவிட்டாள். ரசிகர்கள் பெயரையும் காலத்தையும் கழற்றிவிட்டு, உயரமான கருங்கூந்தல்காரி ஒருத்தி, குள்ளமான பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தி, ஒருத்தியின் இருண்ட கடந்தகாலம், மற்றவளின் பிடிவாதம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவமனை, போலீஸ், அலுவலகம் என்று எழுதினார்கள். அப்படிப் பல கதைகள் சிறு பதிப்பகங்கள் வழியாகச் சொந்த நாவல்களாகவே அச்சேறின.

'பெண் பாத்திரம் பலவீனமாக இருந்தால் ஆண்–ஆண்' என்ற வாதத்தின் வேர் 1966-இன் ஸ்டார் ட்ரெக்கில் இருக்கிறது. முதல் வெள்ளோட்டத்தில் (தொடருக்கு முன் சோதனையாக எடுத்த எபிசோடில்) கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண், நம்பர் ஒன் என்று பெயர். உணர்ச்சி காட்டாத குளிர்ந்த அறிவாளி. இரண்டாவது வெள்ளோட்டத்தில் அவள் இல்லை. அந்தக் குளிர்ச்சியையும் பதவியையும் ஸ்பாக் வாங்கிக்கொண்டான். இது உறுதி. ஏன் நீக்கினார்கள் என்பதில்தான் சண்டை. பெண்ணை அதிகாரியாக வைக்கத் தொலைக்காட்சி நிறுவனம் விடவில்லை என்று தொடரை உருவாக்கிய ராடன்பெரி சொல்லிவந்தார். கூட வேலை செய்தவர்கள், எதிர்ப்பு நடிகையின் தேர்வுக்குத்தான் என்றார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்று. கப்பலின் இன்னொரு பெண்ணான யோமன் ராண்டும் முதல் சீசனிலேயே போய்விட்டாள், தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவின் முதல் பெயர் 2009 திரைப்படம் வரை திரையில் உச்சரிக்கப்படவே இல்லை. கேப்டன் கர்க் உடைவதைப் பார்க்கும் இடத்தில் மிஞ்சியது ஸ்பாக். 1974-இல் ஒரு ரசிகர் இதழில் முதல் கர்க்–ஸ்பாக் காதல் கதை அச்சானது. கர்க் என்பதற்கும் ஸ்பாக் என்பதற்கும் நடுவில் போட்ட சாய்கோடுதான் ஆண்–ஆண் காதல் கதைகளுக்கு வழங்கும் 'ஸ்லாஷ்' என்ற பெயருக்கே மூலம். அந்தப் பழைய ஜோடியின் ஒரு பாதியில் நீக்கப்பட்ட ஒரு பெண்ணின் குணம் இருக்கிறது என்பதை ஸ்லாஷ் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். 2005-இல் தொடங்கிய சூப்பர்நேச்சுரலில் இதே கதை வேகமாக நடந்தது. வந்த பெண்களை ஒவ்வொருவராகச் சாகடித்தார்கள், 2008-இல் வந்த தேவதூதன் காஸ்டியல் தங்கினான். கூட இருந்து பார்க்கிற வேலை அவனுக்குப் போனது.

இனி சந்தேகமான பகுதி. சாட்சி என்பது எல்லாவற்றையும் விளக்காது. தி ஃப்ளாஷில் ஐரிஸ் கறுப்பினப் பெண், நாயகனுக்குத் தொடர் வகுத்த ஜோடி. 2014-இல் தொடங்கிய முதல் சீசனில் அவன்தான் ஃப்ளாஷ் என்ற ரகசியத்தை அவளிடம் ஏறக்குறைய கடைசி வரை மறைத்தார்கள். ஆய்வகத்தில் எல்லாம் தெரிந்த வெள்ளைக்காரப் பெண் கேட்லின் இருந்தாள். ஒரு பகுதி ரசிகர்கள் கேட்லினை எழுதினார்கள். இது லாரல் கதையின் மறுபதிப்பா, நிறவெறியா? ஐரிஸுக்கும் அந்த நடிகைக்கும் வந்த வசைகளைப் பார்த்தால், எழுத்து நுட்பத்தை மட்டும் காரணமாகக் காட்டுவது மழுப்பல். இரண்டையும் பிரித்து அளக்க வழியில்லை. அதேபோல் ரசிகைகள் வெறுத்ததால்தான் சூப்பர்நேச்சுரல் பெண்களைக் கொன்றது என்பதும், கொன்றதால்தான் ரசிகைகள் ஆண்களுக்குப் போனார்கள் என்பதும் இரண்டுமே சொல்லப்படுகின்றன. கோழியா முட்டையா கணக்கு. எண்ணிக்கையிலும் ஜாக்கிரதை வேண்டும். ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளத்தில் ஆண்–ஆண் கதைகளே முதலிடம் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தளம் பொதுமக்களுக்குத் திறந்தது 2009 நவம்பரில். ஸ்கல்லி, ஜீனா, ஜேன்வே கதைகளின் பெருவெள்ளம் அதற்கு முந்தியது; மின்னஞ்சல் குழுக்களிலும் தனித் தளங்களிலும் இருந்தது. பலர் இலவசமாகத் தனித் தளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் மூடப்பட்டதும் 2009-இல்தான். அதோடு போனவை போனவைதான். அந்தத் தளத்தின் எண்ணிக்கையை வைத்துத் தொண்ணூறுகளின் ரசிகர்களை எடைபோடக் கூடாது.

உங்கள் கதைக்கு வருகிறேன். முதலில் ஜோடியைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அவள் மாறிய ஒரு எபிசோட், அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஆக மூன்றைத் திரும்பப் பாருங்கள். ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: அவள் எடுத்த முடிவு, அதற்கு அவள் கொடுத்த விலை, அதைப் பார்த்தவர், பார்த்தும் பேசாமல் விட்டவர். முதல் பத்தி காலியாக இருந்தால் அவளுக்கு எல்லாம் நடந்திருக்கிறது, அவள் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம். உங்கள் கதை அவளுக்கு ஒரு முடிவைத் தர வேண்டும். நான்காம் பத்தியில் யாராவது இருந்தால் அதுதான் உங்கள் காட்சி. ரெசல்யூஷன்ஸ் முடிவில் சகோட்டே அங்கே நிற்கிறான், நெவர் அகெய்ன் முடிவில் மல்டர். இப்படிப்பட்ட விடுபட்ட காட்சிக்கு 1500 முதல் 3000 சொல் போதும். அதற்கு மேல் போனால் எபிசோடைத் திரும்பச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். யார் கண்ணோட்டம் என்பதற்கு என் பழக்கம் இது: மாற்றம் உள்ளே நடந்தால், நோய், நம்பிக்கை, துக்கம் போன்றவையானால், சாட்சியின் கண்ணிலிருந்து எழுதுங்கள், ஊகிக்க இடம் கிடைக்கும். மாற்றம் ஒரு செயலானால், கேப்ரியல் வாளெடுப்பது போல, அவள் கண்ணிலிருந்தே எழுதுங்கள். வெளியிலிருந்து எழுதினால் சாகசக் காட்சியாகிவிடும்.

கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். காதல் வந்ததும் அவள் வேலை காணாமல் போகும். பிணத்தையே தொடாத ஸ்கல்லி, கட்டளையே இடாத ஜேன்வே. ஐந்து பக்கத்துக்கு ஒருமுறையாவது அவள் தொழில் தெரிந்த ஆளாக ஏதாவது செய்ய வேண்டும். அடுத்தது, அவள் நோயை முழுக்க அவன் அழுகையாக்குவது. மருத்துவமனைக் காட்சியில் வசனத்தை எண்ணிப் பாருங்கள், அவளுடையது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் திருத்துங்கள். மூன்றாவது, போட்டியாளரைக் கெட்டவராக்குவது. செவனை எழுதச் சகோட்டேயை முட்டாளாக்க வேண்டியதில்லை, அவனை நல்லவனாகவே விட்டால் ஜேன்வேயின் தேர்வுக்கு எடை கூடும். ஆண்–ஆண் ஜோடி எழுதுகிறவர்கள் செய்வது இன்னொன்று: பெண்ணைப் புத்திசாலித் தரகராக்கி, இருவரையும் சேர்த்துவைத்துவிட்டுச் சிரித்தபடி வெளியே அனுப்புவது. அவளுக்கு அந்த நாளில் வேறு வேலையே இல்லையா? சொந்தமாக ஒரு புதுப் பெண்ணை நுழைத்தால் 'மேரி சூ' என்று யாராவது சொல்வார்கள். 1973-இல் ஸ்டார் ட்ரெக் ரசிகர் கதைகளைக் கிண்டல் செய்ய எழுதிய பதினைந்தரை வயது லெஃப்டினன்ட்டின் பெயர் அது. இன்று திறமையான எந்தப் பெண் மேலும் எறிகிற கல்லாகிவிட்டது. அவளுக்கு ஒரு தோல்வியும் அதற்கு ஒரு விலையும் கதையில் இருந்தால் அந்தக் கல்லைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஜேன்வே–செவன் எழுதுவதாக இருந்தால் கூடுதலாக ஒன்று. மேலதிகாரி, அதிலும் ஒருத்தியின் சம்மதமில்லாமல் அவள் விதியை மாற்றியவள். அந்த அதிகார வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் எழுதினால் வாசகர் முதல் பக்கத்திலேயே நெளிவார். கப்பல் பூமிக்கு வந்து, ஜேன்வே அவளுக்குக் கேப்டனாக இல்லாத நாளில் கதையைத் தொடங்குங்கள். முதல் காட்சியில் செவன் அந்தப் பழைய கேள்வியையே கேட்கட்டும்: அன்று நான் திருப்பி அனுப்பச் சொன்னேன், நீங்கள் ஏன் அனுப்பவில்லை? அந்தப் பதிலை ஜேன்வே எப்படிச் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் மீதிக் கதையை எழுதிவிடலாம். தெரியாவிட்டால் 1997-இன் 'தி கிஃப்ட்' எபிசோடை இன்னொரு தரம் பாருங்கள்.